கயிற்றை விட்டுவிட்டுப் போன திருடன்

அத்தியாயம் 5

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போடிநாயக்கனூரில் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்துக்குத்தான் திரும்ப வரும். ஒன்பது ஐந்துக்கு, ஏலக்காய்க் கடை மாடியில் இருந்த அனுசியா துப்பறியும் நிலையத்தின் மரப்படிகள் அதிர ஆரம்பித்தன.

"சத்தத்தைப் பார்த்தா ரெண்டு ஆளு வர்ற மாதிரி இருக்கு," என்றார் மொக்கையன், செய்தித்தாளால் விசிறிக்கொண்டே. "ஆனா காலடி ஒரே ஆளுது. கோவமா இருக்காக."

மொக்கையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குரங்கணி மலைப்பாதையில் இருபது வருடம் ஜீப் ஓட்டியவர். இப்போது அனுசியாவிடம் டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்கிறவர். அனுசியாவுக்கு அவரைவிடப் பதினான்கு வயது குறைவு. விபத்தான வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற வேலையில் பதினொரு வருடம் இருந்தாள். வண்டிகள் பொய் சொல்வதில்லை, வண்டிக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தபின் வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் திறந்தாள்.

உள்ளே வந்த பெண்ணின் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. புடவை முந்தானையில் கிரீஸ்.

"ராசிங்காபுரம் ராக்கு," என்றாள். "என் வின்ச்சைத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க."

"உட்காருங்கக்கா."

"உட்கார நேரமில்ல தங்கச்சி. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அது குரங்கணிக்கு மேல ஓடியாகணும்."

ராக்குவிடம் மூன்று ஏக்கர் நிலமும் ஒரு மினி டிராக்டரும் இருந்தன. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சாமான்கள் கடையில் கிடைக்கும்தான். ஆனால் அவை எல்லாம் அவள் நிலத்துக்கு அகலமாகவோ கனமாகவோ இருந்தன. ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிப்போட்டு, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள ஆரம்பித்தாள். கடைசியாகச் செய்ததுதான் இந்த வின்ச். டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை வாங்கி, ஒரு உருளையில் கம்பிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும். டிராக்டர் மேலே ஜீப் ரோட்டில் நிற்கும். கயிறு ஏலத்தோட்டச் சரிவில் கீழே இறங்கும். கயிற்று நுனியில் ஒரு சறுக்குப் பலகை, அதில் நாலு மூட்டை பச்சைக்காய்.

"இப்ப அந்த மூட்டை எப்படி மேல வருது?" என்று கேட்டாள் அனுசியா.

"தலையில. மகாராணின்னு எனக்கு ஒரு சிநேகிதி. அவளும் இன்னும் பதினோரு பொம்பளைகளும் நானூறு அடி ஏத்துறாக. போன மழைக்கு அதுல ஒருத்தி வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில அவளைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு ஆரம்பிச்ச வேலை இது. நாளைக்குப் பன்னெண்டு தோட்டக்காரங்க பார்க்க வர்றாங்க. ஓடுச்சுன்னா எல்லாத் தோட்டத்துலயும் வைப்பாங்க. ஓடலைன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ரெண்டாந் தடவை யாரும் மலையேறி வர மாட்டாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"டிராக்டர் சாமான் ஷோரூம் வச்சிருக்கிற பிரபு மேலதான். ரெண்டு தடவை வந்து போட்டோ எடுத்தான். நேத்து நான் பஸ்ஸுல குரங்கணிக்குப் போயி டிராக்டர் நிறுத்துற எடத்தைச் சரிபண்ணிட்டு, பொழுதடையத் திரும்புனேன். கொட்டகையில வின்ச் இல்ல."

அனுசியா செருப்பை மாட்டினாள். மொக்கையன் ஜீப் சாவியைத் தேடினார். அது அவர் காதில் பென்சில் மாதிரி செருகியிருந்தது.

* * *

ராசிங்காபுரத்தில் ராக்குவின் தகரக் கொட்டகை தோட்டத்தை ஒட்டி இருந்தது. உள்ளே சுவரோரம் வரிசையாக இரும்புச் சாமான்கள்.

"இது என்ன தங்கச்சி?" என்றார் மொக்கையன்.

"களைவெட்டி. சைக்கிள் பல்சக்கரத்துல செஞ்சது."

"இது?"

"விதை போடுறது. தண்ணிக் குழாயை அறுத்துப் பண்ணுனேன்."

"இந்தப் பெரிய டிரம்மு?"

"லாரியோட பிரேக் டிரம். டிராக்டர் பின்னாடி மாட்டி பெல்ட் போட்டா, சோளத்தட்டை வெட்டுற மெஷினு ஓடும்."

"அந்த மூலையில இருக்கே, அது எதுக்கு மாட்டுறது?"

"அது என் மாமியார் கட்டிலு."

அனுசியா இதற்குள் கொட்டகையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருந்தாள். கதவுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கத் தகரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, திருகாணிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் மழைக்கு ஒழுகுமா?"

"ரெண்டு மழையா ஒழுகுது. வாஷர் மாத்தணும்னு நெனைச்சுக்கிட்டே இருக்கேன்."

"மாத்தியாச்சு. திருடன் மாத்திட்டுப் போயிருக்கான்."

ராக்கு வந்து பார்த்தாள். துருப்பிடித்த பழைய திருகாணிகள்தான். ஆனால் எட்டுத் திருகாணிக்கடியிலும் புத்தம்புது ரப்பர் வாஷர். தகரத்தைக் கழற்றி வின்ச்சை எடுத்தவன், தகரத்தை மறுபடி மாட்டி, ஒழுகாமலும் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

"தாயி, இவனைப் பிடிச்சா உடனே போலீசுல குடுத்துராதீங்க," என்றார் மொக்கையன். "என் வீட்டுக் கூரை மூணு எடத்துல ஒழுகுது."

அனுசியா ஒரு திருகாணியைக் கழற்றி, வாஷரை எடுத்துச் சேலை முனையில் முடிந்துகொண்டாள். பிறகு டிராக்டர் பக்கம் போனாள். வின்ச்சை டிராக்டரோடு பிணைக்கும் மூன்று ஊசிகளும் துடைக்கப்பட்டு அதனதன் கொக்கியில் தொங்கின. டிராக்டரின் பின்னால் சுழல்கிற தண்டின் மேல் மூடி போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருநூறு மீட்டர் கம்பிக் கயிறு முழுவதும் உருளையிலிருந்து கழற்றப்பட்டு, வட்டமாகச் சுருட்டி, நாலு இடத்தில் கட்டுப்போட்டு, ஈரம் படாமல் ஒரு பலகை மேல் வைத்திருந்தது.

"பிரபு இல்லக்கா," என்றாள் அனுசியா.

"எப்படிச் சொல்ற?"

"விக்கிறதுக்காகத் திருடுறவன் மொதல்ல கயிறைத்தான் தூக்குவான். அதுதான் சுலபமா விலைபோகும். உங்களைக் கெடுக்க வந்தவன்னா கயிறை நாலு துண்டா அறுத்துட்டுப் போயிருப்பான். காப்பியடிக்கிறவனுக்குப் போட்டோவே போதும், அது பிரபுகிட்ட ஏற்கனவே இருக்கு. இவன் வேற ரகம்."

"தூக்கிட்டுப் போக நாலு ஆளாவது வேணுமே. நூத்துப் பத்துக் கிலோ."

அனுசியா தரையைக் காட்டினாள். மண்ணில் மூன்று குழிகள், முக்கோணமாக. "ஆளு ஒருத்தன்தான். முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கு, அதான் சங்கிலிக் கப்பி, போட்டுத் தூக்கியிருக்கான். அவசரப்படவே இல்ல."

முக்கோணத்தின் நடுவில் வெள்ளையாகப் பொடி சிந்தியிருந்தது.

"எறும்பு மருந்தா இருக்கும்," என்றாள் ராக்கு.

"நீங்க போட்டீங்களா?"

"இல்ல."

அனுசியா பொடியை விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடை. அவள் யோசிக்கும்போது பேசக்கூடாது என்பது மொக்கையனுக்குத் தெரியும். அவர் போய் மாமியார் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, வின்ச் உருளைக்கு நடுவுல ஓடுற ஷாஃப்ட்டு புதுசா, பழசா?"

"பழசு. ஜீப்போடது. போடியில சிக்கந்தர் பாய் இரும்புக் கடையில எடுத்தேன். நல்ல கனமான சாமான்."

"நீங்க டிராக்டரை எடுத்துக்கிட்டு போடிக்கு வாங்க. நாங்க முன்னால போறோம்."

"வின்ச் இல்லாம டிராக்டர் எதுக்கு?"

"எப்படியும் குரங்கணிக்கு போடி வழியாத்தானே போகணும்."

ராக்கு அவளைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு கயிற்றுச் சுருளையும் களைவெட்டியையும் விதை போடுகிறதையும் பிரேக் டிரம்மையும் டிரெய்லரில் ஏற்ற ஆரம்பித்தாள். "வின்ச் கிடைக்கலைன்னா மத்ததையாவது காட்டுவேன்," என்றாள். "வெறுங்கையோட அந்தப் பன்னெண்டு பேர் முன்னாடி நிக்க மாட்டேன்."

* * *

சிக்கந்தர் பாயின் பழைய இரும்புக் கடையில் எதை எடுக்கவேண்டுமானாலும் அதற்கு மேலே உள்ள ஐந்தை நகர்த்தவேண்டும். பாய் ஒரு லாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார்.

"வாம்மா. என்ன மொக்கையா, உன்னை எடைக்குப் போட வந்திருக்காங்களா?"

"எடை நல்லாத்தான் நிக்கும் பாய். ஆனா உருக்குனா பேச்சு மட்டும்தான் மிஞ்சும்."

அனுசியா வாஷரை நீட்டினாள். பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார்.

"லாரி ட்யூபு. கத்தரிக்கோல்ல வெட்டலை. இரும்புக் குழாய் நுனியைக் கூராக்கி, ஒரே அடியில அடிச்சு எடுத்தது. ஓட்டை நட்டநடுவுல விழுந்திருக்கு பாரு. போடியில இப்படி அடிக்கிறவன் ஒருத்தன்தான். லேத் பட்டறை கன்னையன்."

"சரியாப் போச்சு," என்றார் மொக்கையன். "முடிஞ்சுது தாயி. நம்ம ஆளு அவன்தான்."

"ஏன்?"

"எட்டு மாசத்துக்கு முந்தி நடந்தது உங்களுக்குத் தெரியாது. ராக்கு புதுசாச் செஞ்ச களைவெட்டியை டீக்கடை முன்னால நிறுத்தியிருக்கு. கன்னையன் பார்த்துட்டு, 'என்னம்மா, கோழி கிளறுற மாதிரி இருக்கு'ன்னான். கடையே சிரிச்சுது. ராக்கு டீ கிளாசை வச்சுட்டு, 'இனி உங்க பட்டறை இருக்கிற தெருவுலகூட என் டிராக்டர் வராது'ன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுலருந்து பேச்சுவார்த்தை இல்ல. இப்ப வின்ச் நல்லா வந்திருக்கு. வயித்தெரிச்சல்."

சிக்கந்தர் பாய் தாடியைத் தடவினார். "வயித்தெரிச்சல்காரன் மாதிரித் தெரியலையே. வியாழக்கிழமை சாயங்காலம் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தான். ராக்கு வயல்ல வின்ச்சை ஓட்டிப் பார்த்த வீடியோ அதுல ஓடுது. ஒத்த மூட்டையை இழுக்குது. 'பாய், இந்த ஷாஃப்ட்டு நான் உங்ககிட்ட போட்டதுதானே'ன்னு கேட்டான். 'ஆமா, சித்திரையில நீ எடைக்குப் போட்ட லோடுல கிடந்துச்சு, ராக்கு பொறுக்கி எடுத்துட்டுப் போச்சு'ன்னேன். அப்படியே நின்னான். டீ சொன்னேன், குடிக்காமலே போயிட்டான்."

"அதை அவர் ஏன் எடைக்குப் போட்டாருன்னு கேட்டீங்களா?"

"பழைய இரும்பு கொண்டு வர்றவன்கிட்ட ஏன் எதுக்குன்னு கேட்டா என் சோலி நடக்குமா?"

அனுசியா சிரித்தாள். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு. வெளியே வந்ததும், "அண்ணே, எதிர்க் கடையில ரெண்டு சாக்பீஸ் வாங்கிக்குங்க," என்றாள்.

"கன்னையனுக்குப் பாடம் எடுக்கப் போறோமா?"

"அவருக்கில்ல," என்றாள் அனுசியா, ராக்குவின் எண்ணைப் போனில் தேடிக்கொண்டே.

* * *

கன்னையனின் பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். ஜன்னல் வெளிச்சத்தில், மரமேசை மேல், மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு இரும்புச் சட்டம் பிரித்துப் போட்டிருந்தது. சட்டத்தின் ஓரத்தில் வெல்டிங்கால் எழுதிய 'ரா'. பக்கத்தில் உருளை. லேத்தில் பாதி கடைந்த ஒரு புதுக் கம்பி பளபளத்தது. அதன் முன்னால், நரைத்த மீசையோடு ஒரு மெலிந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க," என்றார் கன்னையன். "நேத்தே வருவீகன்னு நெனைச்சேன்."

மொக்கையனுக்கு ஏமாற்றமாக இருந்தது. "ஓட மாட்டீங்களா? நான் ஜீப்பை எல்லாம் குறுக்க நிறுத்திட்டு வந்திருக்கேன்."

"எங்க ஓடுறது. லேத்தே ஓடலை."

வெளியே டிராக்டர் சத்தம் வந்து நின்றது. ஷட்டர் முழுதாக மேலே போனது. ராக்கு மேசையைப் பார்த்தாள். நாலு மாதம் உட்கார்ந்து செய்த சாமான் குடல் உருவிக் கிடந்தது. அவள் முகத்தில் இருந்த கோபம் போய், அழுகைக்குக் கொஞ்சம் முந்தின ஏதோ வந்தது.

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஓட்டிக் காட்டப் போற நேரத்துல வந்து இப்படிப் பண்ணணுமா?"

கன்னையன் ஸ்டூலை விட்டு எழுந்தார். அனுசியாவைப் பார்த்து, "நான் சொன்னா அது நம்பாதும்மா. பொறாமையில சொல்றான்னுதான் நெனைக்கும்," என்றார்.

"நீங்க சொல்ல வேணாம். பழைய ஷாஃப்ட்டை எடுங்க. மண்ணெண்ணெய் இருக்கா?"

கன்னையன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து முழங்கை நீள இரும்புத் தண்டு ஒன்றை எடுத்து வைத்தார். அனுசியா அதன் மேல் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். மொக்கையன் வாங்கிவந்த சாக்பீசை நசுக்கி, பொடியைத் தண்டு முழுவதும் தூவினாள். தண்டு வெள்ளையாயிற்று.

"இதைத்தான் அவர் உங்க கொட்டகையில பண்ணியிருக்கார்," என்றாள். "அந்த வெள்ளைப் பொடி எறும்பு மருந்து இல்லக்கா. கவுந்த லாரியோட அச்சை நாங்க இப்படித்தான் பார்ப்போம். இரும்பு நல்லா இருந்தா பொடி வெள்ளையாவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா, அதுக்குள்ள போன எண்ணெய் மெல்ல வெளிய கசியும்."

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உருளை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் பொடியில் ஒரு ஈரப்புள்ளி. புள்ளி நீண்டது. முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, தண்டைச் சுற்றி முக்கால்வாசி ஓடி நின்றது.

ராக்கு நகத்தால் அந்தக் கோட்டைத் தொட்டாள். நகத்துக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் கோடு இருந்தது.

"வயல்ல ஒத்த மூட்டைக்குத் தாங்கிச்சு," என்றாள் அனுசியா. "சரிவுல நாலு மூட்டைக்குத் தாங்காது."

ராக்கு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கயிறு ஏறும்போது பலகைக்குக் கீழே யார் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மகாராணியும் மற்றவர்களும் மூட்டை ஏற்றிவிட்டு அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார்கள். தண்டு முறிந்தால் உருளை தன்போக்கில் சுழலும். இருநூறு கிலோ பலகை வந்த வழியே இறங்கும்.

"அது உருண்ட ஜீப்போட ஷாஃப்ட்டு," என்றார் கன்னையன். "விரிசல் இருக்குன்னு தெரிஞ்சுதான் கழிச்சேன். ரெண்டா அறுத்து எடைக்குப் போட்டிருக்கணும். சோம்பல்பட்டு முழுசாப் போட்டுட்டேன். என் தப்பு. வீடியோவில ஷாஃப்ட்டு நுனியில வெட்டுன அந்த ரெட்டைக் காடியை, அந்த ரெண்டு பள்ளத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு."

"சொல்றதுக்கென்ன?" என்றாள் ராக்கு.

"நாலு தடவை போன் பண்ணேன்."

ராக்கு கூரையைப் பார்த்தாள். "பிளாக் பண்ணியிருக்கேன்," என்றாள்.

"நேத்து நேர்லயே வந்தேன். நீ குரங்கணிக்குப் போயிட்ட. சாக்பீஸ் போட்டுப் பார்த்தேன். விட்டுட்டு வர மனசு வரலை. வேற ஷாஃப்ட்டு கடைஞ்சு, நீ திரும்பறதுக்குள்ள கொண்டாந்து வச்சிடலாம்னு தூக்கிட்டு வந்தேன். கம்பி தேனியில இருந்து வரவே பொழுதடைஞ்சு போச்சு. காலைல ஆரம்பிச்சேன், ஒம்பதுக்குக் கரண்ட் போச்சு."

"திருட்டுத் தொழில்லயே," என்றார் மொக்கையன், "கரண்டு ஆபீசு பிடிச்சுக் குடுத்த மொத ஆளு நீதாம்ப்பா."

யாரும் சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டரை. இன்னும் மூன்று மணி நேரக் கடைசல் பாக்கி. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்து ஆரம்பித்தால் வின்ச்சை மாட்டி முடிப்பதற்குள் மலைப்பாதை இருட்டிவிடும். காலையில் கிளம்பினால் பத்து மணிக்குள் போய்ச்சேர்ந்து கயிறு இறக்கி முடிக்க முடியாது.

ராக்கு எழுந்தாள். லேத்தைச் சுற்றி வந்தாள். அதன் தலைப்பக்கம் படிப்படியாக மூன்று அளவில் ஒரு பழைய சக்கரம் இருந்தது.

"இதுக்கு மோட்டார் வர்றதுக்கு முந்தி எதுல ஓடுச்சு?"

"டீசல் எஞ்சின். தட்டைப் பெல்ட்டு. எங்கப்பா காலத்துல."

"பெல்ட்டு இருக்கா?"

கன்னையன் பதில் சொல்வதற்குள் அவள் வெளியே போய் டிரெய்லரிலிருந்து பிரேக் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

* * *

டிரெய்லரைக் கழற்றிவிட்டதும் டிராக்டர் பின்பக்கமாகப் பட்டறை வாசலுக்கு வந்தது. டிரம் அதன் சுழல்தண்டில் ஏறியது. பரணிலிருந்து இறக்கிய கித்தான் பெல்ட் டிரம்மிலிருந்து லேத் சக்கரத்துக்குப் போனது. ராக்கு மெல்ல ஆக்சிலேட்டரைத் தள்ளினாள். லேத் சுழன்றது, எதிர்ப்பக்கமாக.

"எட்டுப் போடு," என்று கத்தினார் கன்னையன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. விரலால் காற்றில் 8 என்று எழுதிக் காட்டினார். ராக்கு எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி, எட்டு மாதிரி குறுக்காக மாட்டினாள். இந்த முறை லேத் சரியான பக்கம் சுற்றியது.

எட்டு மாதமாகப் பேசாதவர்கள் மூன்று மணி நேரம் கைச்சைகையில் பேசினார்கள். கன்னையன் ஒரு விரலைத் தூக்கினால் அவள் வேகத்தைக் கூட்டுவாள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் குறைப்பாள். கடைசி இழைப்பின்போது அவர் கையை அசைக்கவே இல்லை. உளி இரும்பைத் தொடும் சத்தத்தை வைத்தே அவள் வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மொக்கையன் வாசலில் நின்று, "நாளைக்குக் குரங்கணியில பாக்கி ஆட்டம்," என்று அறிவித்துக்கொண்டிருந்தார். அனுசியா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள்: பொருள் கிடைத்தது. எடுத்தவர் அடையாளம் தெரியவில்லை.

காடிகளை அரத்தால் அராவி முடித்தபோது மணி மூன்றே முக்கால். புதுத் தண்டை உருளைக்குள் செருகினார்கள். தட்டாமலே உள்ளே போனது. கன்னையன் மண்ணெண்ணெய் டப்பாவையும் சாக்பீசையும் ராக்குவிடம் நீட்டினார். "நீயே பாரு."

அவள் பார்த்தாள். பொடி வெள்ளையாகவே இருந்தது.

வின்ச்சை டிராக்டரில் மாட்டி, மூன்று ஊசிகளையும் செருகி, அதன் பின்னால் டிரெய்லரைக் கோத்தாள். சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், கிளம்பாமல் இருந்தாள்.

கன்னையன் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார். "அன்னைக்கு டீக்கடையில கோழி கிளறுற மாதிரின்னு சொன்னேன்ல."

"ம்."

"நேத்து உன் கொட்டகையில அந்தக் களைவெட்டியைக் கிட்டப் பார்த்தேன். கோழி நல்லாத்தான் கிளறும், ராக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எஞ்சினை முடுக்கினாள். "டிரெய்லர்ல எடம் இருக்குண்ணே. அரத்தையும் செயின் பிளாக்கையும் எடுத்துக்கிட்டு ஏறுங்க. வெரசா."

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குரங்கணிக்கு மேலே ஜீப் ரோட்டில் பன்னிரண்டு தோட்டக்காரர்களும் கைகட்டி நின்றார்கள். கம்பிக் கயிறு ஏலச்செடிகளுக்கு நடுவில் வெட்டிய பாதை வழியாகக் கீழே இறங்கியது. அடியில் மகாராணி நாலு மூட்டையைப் பலகையில் வைத்துக் கட்டினாள். வழக்கம்போல அங்கேயே நின்றவர்களை அனுசியா பத்தடி தள்ளிப் போகச் சொன்னாள்.

ராக்கு நெம்புகோலை இழுத்தாள். கயிறு விறைத்தது. பலகை அசைந்து, ஒரு வேரில் முட்டி, நிமிர்ந்து, ஏற ஆரம்பித்தது. கன்னையன் உருளைக்குப் பக்கத்தில் குனிந்து, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு நிமிடத்தில் நாலு மூட்டையும் ரோட்டுக்கு வந்தன. தோட்டக்காரர்களில் ஒருவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார், அது வேறு மூட்டையாக இருக்கும் என்பதுபோல. இன்னொருவர், "நம்ம தோட்டம் இன்னும் செங்குத்தும்மா. அதுக்கு வருமா?" என்று ராக்குவிடம் கேட்டார். ராக்கு திரும்பி கன்னையனைப் பார்த்தாள். அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

"வரும்," என்றாள்.

மொக்கையன்தான் முதலில் கவனித்தார். "தாயி, கீழ பாருங்க."

மூட்டை போய்விட்டது, பெண்கள் மேலே வரவேண்டும். மழையில் வழுக்கி விழுந்தவளின் இடத்தில் அவள் மகள் வந்திருந்தாள். வெறுங்கையை வீசிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. முதலில் வேகமாக ஏறினார்கள். பிறகு மெதுவாக, பேசிக்கொண்டு. பாதி வழியில் மகாராணி நின்றாள். நின்றவள் திரும்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்று திரும்பினார்கள்.

அனுசியா பயந்து இரண்டு எட்டு கீழே இறங்கினாள். "என்னக்கா, என்ன ஆச்சு?"

மகாராணி திரும்பாமலே பதில் சொன்னாள். மலை இரண்டாகப் பிரிந்து, அதற்கு நடுவில் பள்ளத்தாக்கு திறந்து, வெகுதூரத்தில் வெயிலில் கட்டடங்கள் மினுங்கின.

"ஒண்ணுமில்ல தாயி. இருபத்திரண்டு வருசமா இந்த மேட்டுல ஏறுறேன். எறங்குறப்ப கண்ணு கால் வைக்கிற எடத்துலயே இருக்கும். ஏறுறப்ப தலையில மூட்டை இருந்தா கழுத்தைத் திருப்ப முடியாதுல்ல. இங்கேருந்து போடி தெரியும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது."